ஸ்பானிஷ் உலகின் பண்பாட்டு வரலாறு: முதல்முறை வகுப்பெடுப்பவர்களுக்கு

நீங்கள் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பவராக இருக்கலாம், பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவராக இருக்கலாம். "ஸ்பானிஷ் பேசுகிற நாடுகளைப் பற்றி ஏழெட்டு வகுப்பு எடுங்களேன்" என்று யாரோ உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடினால் இரண்டு வகைப் பாடத்திட்டம்தான் கிடைக்கும். ஒன்றில் காளைச் சண்டை, ஃபிளமெங்கோ, பெரிய தொப்பி, டாக்கோ எல்லாம் வரிசையாக வந்து கடைசியில் பிள்ளைகள் ஒரு சார்ட் ஒட்டுவார்கள். இன்னொன்று கொலம்பஸில் தொடங்கி ராஜாக்களும் ஆண்டுகளுமாகப் போய், தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாருக்கு வரும்போது பாதி வகுப்பு தூங்கியிருக்கும்.

இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள் என்பது என் கட்சி. கண்ணால் பார்க்கக்கூடிய, காதால் கேட்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு சதுக்கம், ஒரு ஓவியம், ஒரு வாத்தியம். அதில் யார் யார் கை பட்டிருக்கிறது என்று மாணவர்களே தோண்டட்டும். இந்த உலகத்தில் வென்றவர், தோற்றவர், அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர், விரட்டப்பட்டவர் எல்லோருடைய தடமும் ஒரே பொருளில் கிடக்கும், அதனால் இங்கே இந்த முறை நன்றாக எடுபடும். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

முதலில் வரைபடம், அரை வகுப்பு போதும்

உலக வரைபடத்தை மாட்டி, ஸ்பானிஷ் எங்கெல்லாம் பேசுகிறார்கள் என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல்லுங்கள். பிரேசிலுக்கு யாராவது வட்டம் போடுவார்கள், அங்கே போர்ச்சுகீசியம் என்று திருத்துங்கள். 20 நாடுகளில் ஸ்பானிஷ் ஆட்சிமொழி, அது போக அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ. ஆப்பிரிக்காவில் எக்குவடோரியல் கினி என்று ஒரு நாடு இருக்கிறது, 1968 வரை ஸ்பெயினின் காலனி, அதை அநேகமாக யாரும் குறிக்க மாட்டார்கள். மெக்சிகோவில் மட்டும் 12 கோடிக்கு மேல் மக்கள், ஸ்பெயினில் 5 கோடிகூட இல்லை. இந்த ஒரு கணக்கைச் சொன்னாலே, 'ஸ்பெயின்தான் மையம், மற்றதெல்லாம் கிளை' என்கிற நினைப்பு ஆட்டம் காணும்.

அடுத்து ஒரு விஷயத்தைச் சொல்ல மறக்கக் கூடாது. இந்த நாடுகள் எதுவும் ஸ்பானிஷ் மட்டும் பேசுகிற நாடு இல்லை. பராகுவேயில் 1992 முதல் குவாரனியும் ஆட்சிமொழி, பழங்குடியினர் அல்லாதவர்களும் வீட்டில் அதைப் பேசுகிறார்கள். பெருவிலும் பொலிவியாவிலும் கெச்சுவா, குவாத்தமாலாவில் மாயா மொழிகள். ஸ்பெயினுக்குள்ளேயே கட்டலான், காலிசியன், பாஸ்க் என்று அரசு ஏற்ற மொழிகள் உண்டு. 'மாயா மக்கள் மறைந்துபோனார்கள்' என்று பாடப்புத்தகத்திலோ யூடியூபிலோ பார்த்த பிள்ளைகள் இருப்பார்கள். மறைந்ததெல்லாம் பழைய நகரங்கள்தான், மாயா மொழிகளைப் பேசுகிறவர்கள் இன்றும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். சரி, வரைபடம் அவ்வளவுதான். தலைநகரங்களை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள்.

ஒரே ஒரு சதுக்கம்

இப்போது ஸ்பெயினுக்குப் போகாமல் நேராக மெக்சிகோ நகரத்துக்குப் போங்கள். அங்கே சோகலோ என்று ஒரு பெரிய சதுக்கம், நாட்டின் நடு மையம் என்றே சொல்லலாம். அதன் படத்தைத் திரையில் போட்டு, எதுவும் விளக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள். ஒரு பக்கம் பிரம்மாண்டமான தேவாலயம், அதை ஒட்டி நீளமாக அரண்மனை, கொஞ்சம் தள்ளி இடிந்த கல் படிக்கட்டுகள். இந்த மூன்றும் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று கேளுங்கள்.

பதில் தரைக்குக் கீழே இருக்கிறது. 1325 வாக்கில் மெஷிகா மக்கள் (அஸ்டெக் என்று நாம் சொல்கிறவர்கள்) ஒரு ஏரிக்கு நடுவே தெனோச்தித்லான் என்ற நகரத்தைக் கட்டினார்கள். கரையிலிருந்து நகருக்கு நீண்ட சாலைகள், நீர் கொண்டுவர வாய்க்கால், ஏரிச் சேற்றைக் குவித்து அமைத்த வயல்கள். 1519இல் ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்தேஸ் வந்தார், 1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் வீழ்ந்தது. இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள், ஏனென்றால் 'சில நூறு ஸ்பானியர்கள் ஒரு பேரரசைச் சாய்த்தார்கள்' என்ற கதையைத்தான் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். முற்றுகையிட்ட படையில் மிகப் பெரும்பாலானவர்கள் ஸ்பானியர்களே இல்லை, மெஷிகாக்களுக்குக் கப்பம் கட்டிக் கசந்தவர்களும் அவர்களோடு நெடுங்காலம் மோதிவந்த த்லாஷ்காலா மக்களும்தான். அதோடு 1520இல் பரவிய பெரியம்மை நகர மக்களில் ஏராளமானோரை ஏற்கெனவே கொன்றிருந்தது. மொழி தெரியாத கோர்தேஸுக்குப் பேச்சுவார்த்தை நடத்திக்கொடுத்தவர் மலின்ட்சின் என்கிற பெண், அடிமையாக அவருக்குக் கொடுக்கப்பட்டவர். அவரைத் துரோகி என்று திட்டுகிறவர்களும் உண்டு, மெக்சிகோவின் தாய் என்கிறவர்களும் உண்டு. கேட்காமல் கொடுக்கப்பட்ட ஒரு பெண் யாருக்கு விசுவாசமாக இருந்திருக்க வேண்டும் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், மணி அடித்த பிறகும் பேசுவார்கள்.

கோயில்களை இடித்த கல்லைக் கொண்டே புது நகரம் எழுந்தது. இப்போதுள்ள தேவாலயத்தைக் கட்டத் தொடங்கியது 1573, முடித்தது 1813. ஏரிக் களிமண்மேல் நிற்பதால் அது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அமிழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1978இல் மின்சார வேலைக்குப் பள்ளம் தோண்டிய தொழிலாளர்களின் மண்வெட்டி ஒரு கல்லில் பட்டது. மூன்று மீட்டருக்கும் அதிகமான குறுக்களவில், துண்டு துண்டாக வெட்டப்பட்ட நிலவுத் தெய்வம் கொயோல்ஷௌக்கியின் உருவம் செதுக்கிய வட்டக்கல் அது. பிறகு அந்த இடத்தில் இருந்த கட்டடங்களை அகற்றித் தோண்டியதில் வெளிவந்ததுதான் படத்தில் தெரியும் படிக்கட்டுகள். அரண்மனைக்குள் போனால் 1929இல் தொடங்கி தியேகோ ரிவேரா வரைந்த சுவரோவியங்கள். மெக்சிகோ புரட்சிக்குப் பிந்தைய அரசு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நாட்டின் வரலாற்றைப் பார்க்கட்டும் என்று பொதுக் கட்டடச் சுவர்களை ஓவியர்களிடம் கொடுத்தது. அதே வரலாற்றை அரசு தனக்குத் தோதாகச் சொல்லிக்கொண்டதும் அந்தச் சுவர்களில்தான், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதற்கு இரண்டு வகுப்பு கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு வேலை: ஒரு தாளில் சதுக்கத்தை வரைந்து, அதன் மேல் டிரேசிங் தாளை அடுக்கி, 1325, 1521, 1813, 1978 என்று ஒவ்வொரு அடுக்காக வரைவது. ஆண்டுகள் தானாக மனதில் நிற்கும்.

சமையலறை, ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிடாமல்

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, மரவள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, நம் பக்கம் கொண்டுவந்ததில் போர்ச்சுகீசியர்களுக்குப் பெரிய பங்கு. இவை இல்லாத ஒரு நாள் சாப்பாட்டை எழுதச் சொன்னால் வகுப்பு கலகலப்பாகிவிடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது, பல ஆசிரியர்கள் அந்தக் கலகலப்போடு மணியடித்துவிடுவார்கள். நான் 20 நிமிடத்துக்கு மேல் கொடுக்க மாட்டேன். மீதி நேரம் எதிர்த்திசையில் போன பயிர் ஒன்றைப் பாருங்கள்: கரும்பு. கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்கர்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள், அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1886இல்தான். உணவு வரலாற்றைச் சர்க்கரை வரை கொண்டுபோகாவிட்டால் அது சமையல் நிகழ்ச்சியாகிவிடும்.

தோற்றவர்கள் எழுதியது

எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு இது. வரலாறு என்றால் வென்றவர் எழுதியது என்று எல்லோரும் சொல்வார்கள், இங்கே மற்றவர்கள் எழுதியதும் கைவசம் இருக்கிறது, அதுவும் இலவசமாக இணையத்தில்.

முதலாவது, ஃபுளோரன்ஸ் சுவடி. பெர்னார்தினோ தே சஹாகூன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, நவா அறிஞர்களையும் ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு 16ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய 12 பாகங்கள். ஒரு பத்தியில் மெஷிகாக்களும் மற்ற நவா மக்களும் பேசிய நாவாட்ல் மொழி, பக்கத்துப் பத்தியில் ஸ்பானிஷ், 2000க்கும் மேற்பட்ட ஓவியங்கள். 12ஆம் பாகம் தெனோச்தித்லான் வீழ்ந்த கதையை உள்ளூர்க்காரர்கள் சொன்னபடி சொல்கிறது. தங்கத்தைக் கண்டதும் ஸ்பானியர்கள் குரங்குகளைப் போல் பாய்ந்து எடுத்தார்கள் என்கிற ரீதியில் போகும். நாவாட்ல் பத்தியில் இருப்பதெல்லாம் ஸ்பானிஷ் பத்தியில் வருவதில்லை. ஏன் என்று கேளுங்கள், மேல்வகுப்பு மாணவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, பெருவின் ஃபெலிப்பே குவாமான் போமா தே அயாலா. ஆண்டிஸ் மலைக்காரரான இவர் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் ஃபெலிப்பேக்கு ஏறக்குறைய 1200 பக்கத்தில், 398 கோட்டோவியங்களுடன் ஒரு நீண்ட முறையீடு எழுதினார். முடித்தது 1615 வாக்கில். மன்னர் பார்த்தாரா என்பதற்குச் சான்றில்லை. 1908இல் அது கோபன்ஹேகனில் டென்மார்க் அரச நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது முழுவதையும் அந்த நூலகமே இணையத்தில் போட்டிருக்கிறது. பாதிரியார்கள் நெசவு செய்யும் பெண்களை அடிப்பது, அதிகாரிகள் கூலி தராமல் வேலை வாங்குவது, மாதாமாதம் விதைப்பும் அறுவடையும் எப்படி நடக்கும் என்பது வரை எல்லாம் படமாக இருக்கிறது.

வகுப்புக்கு நான் எடுக்கிற படம் ஒன்று உண்டு. இன்கா அரசர் வய்னா காப்பாக் ஒரு ஐரோப்பியனைப் பார்த்து, கெச்சுவாவில், "இந்தத் தங்கத்தையா தின்கிறீர்?" என்று கேட்கிறார். அவன் ஸ்பானிஷில், "ஆமாம், இந்தத் தங்கத்தைத்தான் தின்கிறோம்" என்கிறான். முதலில் படத்தை மட்டும் காட்டுங்கள், வசனத்தைப் பிள்ளைகள் ஊகிக்கட்டும். அப்புறம் வசனம். அப்புறம் இன்னொரு தகவல்: ஸ்பானியத் தளபதி பிசாரோவின் ஆட்கள் இன்கா நாட்டைப் பிடிக்க வருவதற்கு முன்பே அந்த அரசர் இறந்துவிட்டார், இந்தச் சந்திப்பு நடந்ததாக வேறு ஆதாரம் இல்லை. அப்படியானால் குவாமான் போமா பொய் சொன்னாரா? படம் எதற்குச் சாட்சி, நடந்த ஒன்றுக்கா, நூறு வருடமாக மனதில் கிடந்த ஒன்றுக்கா? இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது ஸ்பெயின்

மற்ற வகுப்புகளில் முதலில் வருவதை நான் நடுவில் வைக்கிறேன், ஏனென்றால் இப்போதுதான் 'இந்த ஸ்பெயினே எப்படி உருவானது' என்ற கேள்வி பிள்ளைகளுக்கே வந்திருக்கும். கோர்தோபாவின் பெரிய மசூதியைக் காட்டுங்கள். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய சிவப்பு வெள்ளை வளைவுகள், ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்த தூண்களும் அதில் உண்டு, நட்டநடுவே 16ஆம் நூற்றாண்டில் செருகிய தேவாலயம். சோகலோவைப் பார்த்த மாணவர்கள் உடனே அடுக்குகளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

711 முதல் 1492 வரை ஸ்பெயின் இருக்கும் தீபகற்பத்தின் ஏதோ ஒரு பகுதியிலாவது முஸ்லிம் அரசுகள் இருந்தன. தொலேதோ நகரத்தில் அரபு நூல்களை லத்தீனுக்குக் கொண்டுபோனார்கள், யூத அறிஞர்களும் அதில் கை கொடுத்தார்கள். இளையவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு சுலபமான வழி சதுரங்கம். இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாகப் போன ஆட்டத்தை, பத்தாம் அல்ஃபோன்சோ என்ற கிறிஸ்தவ அரசர் 1283இல் முடித்த ஒரு படப் புத்தகத்தில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார், முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர், பெண்கள் எல்லோரும் அதில் காய் நகர்த்திக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'மூன்று மதத்தாரும் ஒற்றுமையாக வாழ்ந்த பொற்காலம்' என்று முடித்துவிட்டால் அது பாதிதான். 1492இல் கடைசி முஸ்லிம் அரசான கிரனடா வீழ்ந்த சில மாதங்களில் யூதர்களுக்கு மதம் மாறு அல்லது வெளியேறு என்று ஆணை வந்தது. அப்படி வெளியேறியவர்களின் சந்ததி இஸ்தான்புல்லிலும் தெசலோனிக்கியிலும் 20ஆம் நூற்றாண்டு வரை பழைய ஸ்பானிஷ் பேசியது. 1609க்குப் பிறகு, மதம் மாறியிருந்த முஸ்லிம்களின் வாரிசுகளையும் நாடு கடத்தினார்கள். எந்நேரமும் மதச் சண்டைதான் என்று சொல்வதும் தவறு, சண்டையே இல்லை என்பதும் தவறு. ஒரே ஊரில் இரண்டும் நடந்தது.

ஒரு மரப்பெட்டி

இசை வகுப்புக்குப் பாட்டு வரிசை எதுவும் தயாரிக்க வேண்டாம். கஹோன் போதும். ஆள் மேலே உட்கார்ந்து, முன்பக்கப் பலகையைக் கையால் தட்டி வாசிக்கிற மரப்பெட்டி அது. ஃபிளமெங்கோ என்கிற ஸ்பெயினின் பாட்டு, ஆட்ட நிகழ்ச்சிகளில் பார்த்துவிட்டு ஸ்பெயினின் பழைய வாத்தியம் என்று நினைப்பவர்கள் நிறைய. பெருவில் ஆப்பிரிக்க அடிமைகளும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் உருவாக்கியது அது. கிட்டார் மேதை பாகோ தே லூசியா 1970களின் பிற்பகுதியில் லிமாவுக்குப் போனபோது கேட்டு, ஊருக்குக் கொண்டுவந்தார். இத்தனை சீக்கிரத்தில் ஒரு பொருள் 'பாரம்பரியம்' ஆகிவிடும் என்பது மாணவர்களுக்கு நல்ல அதிர்ச்சி.

அந்த ஃபிளமெங்கோவை வளர்த்ததில் முக்கியப் பங்கு ஸ்பெயினின் ரோமா மக்களான கிதானோக்களுக்கு. இவர்களுடைய முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள் என்பதை ரோமானி மொழியே காட்டிக்கொடுக்கிறது. ஸ்பெயினுக்கு 15ஆம் நூற்றாண்டில் வந்தார்கள். 1749இல் ஸ்பெயின் அரசு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கிதானோக்களைப் பிடித்து, ஆண்களைத் தனியாகப் பெண்களைத் தனியாக அடைத்தது. இதைச் சொல்லிவிட்டு ஒரு பழைய ஃபிளமெங்கோ குரலைப் போட்டால், முதலில் 'ஏன் இப்படிக் கத்துகிறார்' என்று சிரித்த பையன் கொஞ்சம் வேறு மாதிரி கேட்பான். 'அப்படியானால் ஃபிளமெங்கோ நம்முடையது' என்று யாராவது கிளம்பினால் மட்டும் தடுத்துவிடுங்கள். அது உருவானது ஸ்பெயினின் தெற்கே ஆண்டலூசியாவில்.

இரண்டு பெண்கள்

தளபதிகளை விட்டுவிட்டு 17ஆம் நூற்றாண்டு மெக்சிகோவின் இரண்டு பெண்களைப் பாருங்கள். ஒருவர் சோர் ஹுவானா. படிப்பதற்கு நேரம் வேண்டும், திருமணத்தில் விருப்பம் இல்லை என்று கன்னிமடத்துக்குப் போய், கவிதை, நாடகம், இறையியல் என்று எழுதிக் குவித்தவர். பெண் இதெல்லாம் செய்யலாமா என்று ஒரு ஆயர் கண்டித்தபோது 1691இல் எழுதிய பதிலில், அரிஸ்டாட்டில் சமைத்திருந்தால் இன்னும் நிறைய எழுதியிருப்பார் என்கிறார். இன்று மெக்சிகோவின் 100 பெசோ நோட்டில் அவர் முகம்.

இன்னொருவர் கதரினா தே சான் ஹுவான். இந்தியாவில் பிறந்து, சிறுமியாகக் கடத்தப்பட்டு, கொச்சி, மணிலா வழியாகப் பசிபிக்கைக் கடந்து அடிமையாக புவேப்லா நகரம் போய்ச் சேர்ந்தவர். 1688இல் இறந்தபோது ஊரே அவரைப் புனிதராகக் கொண்டாடியது, அவரைப் பற்றி வந்த வாழ்க்கை வரலாற்றை கத்தோலிக்கத் திருச்சபையின் மதவிசாரணை மன்றம் தடை செய்தது. இவர் பயணம் செய்த மணிலா கப்பல் தடம் 1565 முதல் 1815 வரை ஓடியது. இன்றைய பொலிவியாவின் பொதோசியிலும் மெக்சிகோவிலும் தோண்டிய வெள்ளி அதில் ஆசியாவுக்கு வந்தது, பட்டும் பீங்கானும் மசாலாவும் ஆட்களும் திரும்பிப் போனார்கள். வரைபடத்தில் அந்தக் கோட்டை வரைந்து காட்டினால் பிலிப்பைன்ஸ் ஏன் இந்தக் கதைக்குள் வருகிறது என்பதும் புரிந்துவிடும்.

அண்மைக் காலத்தைத் தவிர்க்காதீர்கள்

'சர்ச்சையாகிவிடுமே' என்று 20ஆம் நூற்றாண்டைப் பலர் தாண்டிப் போகிறார்கள். பிக்காசோவின் கெர்னிகா ஓவியத்தை, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 1937 ஏப்ரல் 26 அன்று தளபதி ஃபிராங்கோவுக்கு ஆதரவாக வந்த ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் அந்த பாஸ்க் ஊரின்மேல் குண்டு போட்டதோடு சேர்த்துக் காட்டலாம். அர்ஜென்டினாவில் 1977 ஏப்ரல் 30 அன்று, ராணுவ ஆட்சி காணாமல் ஆக்கிய பிள்ளைகளைத் தேடி ஒரு சிறு கூட்டம் தாய்மார்கள் தலைநகரின் பிளாசா தே மாயோ சதுக்கத்தில் கூடினார்கள், வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வாரம் தவறாமல் சுற்றி நடந்தார்கள். சிறையில் பிறந்து வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட பேரக் குழந்தைகளைத் தேடிய பாட்டிகளின் அமைப்பு, மரபணுச் சோதனை வழியாக இதுவரை 130க்கும் மேற்பட்டவர்களை அடையாளம் கண்டிருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகத் தாய்மார்கள் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இலங்கைத் தமிழ் மாணவர்களுக்குப் புதிதல்ல, அவர்கள் வகுப்பில் இருந்தால் கவனமாகப் பேசுங்கள், அவர்களைச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள்.

சில்லறை விஷயங்கள்

மச்சு பிச்சு இன்காக்களுடையது, அஸ்டெக்குகளுடையது அல்ல. பெயர்களில் ஜே எழுத்து வந்தால் 'ஹ' போல உச்சரிக்க வேண்டும். மெக்சிகோவின் இறந்தோர் தினத்துக்கு முகத்தில் எலும்புக்கூடு வரைவதில் தவறில்லை, ஆனால் நவம்பர் 1, 2 தேதிகளில் வீட்டில் படையல் வைப்பதும் கல்லறைக்குப் போவதும்தான் அதன் உயிர். மெக்சிகோ நகரத்தில் நடக்கும் பெரிய ஊர்வலம் 2016இல் ஆரம்பித்தது, அதற்கு முந்தைய வருடம் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அப்படி ஒரு ஊர்வலத்தைக் காட்டிய பிறகு. கொலம்பஸ் 1492இல் கரை கண்ட நாளான அக்டோபர் 12 நெருங்கினால் அதையும் பயன்படுத்துங்கள்: ஸ்பெயினுக்கு அது தேசிய தினம், வெனிசுவேலாவில் பூர்வகுடி எதிர்ப்பு தினம், அர்ஜென்டினாவில் பண்பாட்டுப் பன்மையை மதிக்கும் தினம். மூன்று குழுவாகப் பிரித்து வாதாட விடலாம்.

தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்றால் ஆண்டுகளைக் கேட்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒரு பொருளை எடுத்து அதன் பயணத்தை ஒரு பக்கம் எழுதட்டும். பொதோசி வெள்ளி நாணயம், மணிலா சால்வை, ரப்பர் பந்து, உருளைக்கிழங்கு, கிட்டார், எதுவானாலும் சரி. யார் செய்தார், யார் கொண்டுபோனார், யார் லாபம் பார்த்தார், யாருக்கு நட்டம் என்ற நான்குக்கும் பதில் இருந்தால் முழு மதிப்பெண்.

ஏழெட்டு வகுப்பெல்லாம் கிடைக்காது, மூன்றுதான் என்றால் சோகலோ, குவாமான் போமாவின் அந்தத் தங்கப் படம், கஹோன் இவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வகுப்புதான் என்றால் சோகலோ.